நிஸார் என் கையில் தந்த குளிசை உறை

முதலில் என் எழுத்துக்காக மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்தச் சொல்லுக்குச் சின்ன ர, எந்தச் சொல்லுக்குப் பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாறுவேன். ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்தும் நான் எழுதியது பெரும்பாலும் என் கையொப்பமும் கட்டில் நம்பரும்தான். எழுத்துப் பிழைகளை ஸிஸ்டர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

ஸிஸ்டர் என்றால் தோல் கிளினிக்கின் பொறுப்புத் தாதி. போன மாதம் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நானா, அந்த மருந்தை இனி வேற ஆஸ்பத்திரிகளும் கேட்டு எடுக்கலாமாம். இன்னும் கொஞ்சப் பேருக்குக் கிடைக்கும். புதுசா வேலைக்கு வாற பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்ட ஒரு கொப்பி செய்யிறம். நீங்கதானே குளிசை உறையைக் கண்டுபிடிச்சு அந்தப் பொம்பிளையக் காப்பாத்தினது. அதை எழுதித் தாங்க."

"எனக்கு எழுத வராது ஸிஸ்டர்."

"கதைக்கவும் வராது, எழுதவும் வராது. அப்ப இவ்வளவு காலம் எங்களோட என்னதான் செய்தீங்க?" என்று சிரித்தார்.

அவர் சொன்ன கதை ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் ஓய்வு பெற்ற அன்று தேநீர் வைத்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். கூச்சம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தக் கதை உண்மை இல்லை. உண்மையை எழுதத்தான் இந்தக் கொப்பித் தாள்களை வாங்கினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்டக்குழிதான் ஊர். வாப்பாவோடு கடலுக்குப் போனேன். தோணியில் ஏறினால் வாந்தி. இரண்டு வருடம் பார்த்துவிட்டு வாப்பாவே "நீ கரையில ஏதும் பாரு" என்று சொல்லிவிட்டார். தெரிந்த ஒருவர் மூலம் ஆஸ்பத்திரியில் தொழிலாளியானேன். கூட்டினேன், துடைத்தேன், தள்ளுகட்டில் தள்ளினேன். சிங்களம் அங்கேதான் படித்தேன். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறேன் என்று பார்த்து, கடைசியில் தோல் கிளினிக்கிலும் அதன் வாட்டிலும் போட்டார்கள். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தேன்.

தோல் வாட்டின் வேலை மெதுவான வேலை. அவசரப்பட்டால் நோயாளியின் தோல் நம் கையோடு வந்துவிடும். தோல் உரிந்த ஆளைக் கையில் பிடித்துத் தூக்கக்கூடாது. நான்கு பேர் விரிப்பின் நான்கு மூலையையும் பிடித்து, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். விரிப்பு ஒட்டும் என்பதால் வாழையிலை போடுவோம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள வாழைகளில் இலை வெட்டி, நடு நரம்பைச் சீவி எடுத்து, கொதிநீர் ஆவியில் காட்டி, ஆறவிட்டு, எண்ணெய் தடவி விரிப்பது என் வேலை. உடம்பைக் கழுவும் தண்ணீரில் ஊதா நிறக் கல்லைக் கரைக்க வேண்டும். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஊதாவானால் தோல் எரியும். என் விரலை நனைத்துப் பார்ப்பேன். நகம் கறுத்தால் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றுவேன். இதில் நான் கெட்டிக்காரன் என்று பெரிய டொக்டரே சொல்லியிருக்கிறார்.

பெரிய டொக்டர் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெண்மணி. இங்கே வந்துதான் தமிழ் படித்தார். மெதுவாகத்தான் கதைப்பார், ஆனால் சின்னப் பிள்ளைக்கும் "நீங்க" என்றுதான் சொல்லுவார். நோயாளியைத் தொடுவதற்கு முன் இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். ஒரு கேள்வியை ஒருமுறை கேட்டு விடமாட்டார். இன்றைக்குக் கேட்பார், நாளைக்கு வேறு மாதிரிக் கேட்பார், அடுத்த கிளினிக்கில் போகிற போக்கில் மறுபடியும் கேட்பார். "முதல் தரம் பயத்தில பதில் வரும். ரெண்டாவது தரம் மரியாதைக்கு வரும். மூணாவதுதான் பதில்" என்று ஸிஸ்டரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எல்லாரிடமும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "வேற குளிசை ஏதும் குடிக்கிறீங்களா?"

இனி ரிஹானாவைப் பற்றி எழுத வேண்டும். அவளும் கண்டக்குழிதான், எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி. அவளுடைய கணவர் நிஸார் கடல் தொழில். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு அந்த வருத்தம் வந்தது. சொரியாசிஸ் என்றால் பலருக்குத் தெரியும், செதில் செதிலாக வரும். இவளுக்கு வந்தது அதில் மிகவும் அரிதான ஒரு வகை. மாதக்கணக்கில் சும்மா இருக்கும். பிறகு ஒரு நாள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்து, ஊசி முனை அளவில் சீழ்க் கொப்புளங்கள் ஆயிரக்கணக்கில் எழும்பும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து குளம் போலாகி உரியும். அது கிளம்பும் நேரங்களில் உயிருக்கே ஆபத்து. மற்றவருக்குத் தொற்றாது. முதல் தடவை வந்தபோது ஊரில் அவளுடைய கோப்பையில் தண்ணீர் குடிக்க ஆளில்லை.

அந்தக் கிளம்பலை அடக்க வெளிநாட்டில் ஒரு புது மருந்து வந்திருந்தது. நரம்பில் ஏற்றும் மருந்து. எங்கள் நாட்டில் அது அப்போது விற்பனைக்கு இல்லை. ஆனால் வேறு வழியில்லாத நோயாளி ஒருவருக்கென்று டொக்டர் எழுதிக் கேட்டால், அரசாங்கத்தின் அனுமதியோடு கம்பனி இலவசமாக அனுப்பும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. பெரிய டொக்டர் ரிஹானாவுக்காக எழுதினார். எத்தனை தாள், எத்தனை படம், எத்தனை கடிதம்! நான்கு மாதத்துக்கு மேல் போனது. மருந்து குளிர்ப்பெட்டியில் வந்த அன்று அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிரூட்டியில் வைத்தவன் நான்தான். "அடுத்த முறை கிளம்பினா, அண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்க" என்று நிஸாரிடம் டொக்டர் மூன்று தரம் சொன்னார்.

அந்த நான்கு மாதத்தில்தான் நான் என் வேலையைச் செய்தேன்.

ரிஹானாவின் மச்சியின் கல்யாணம் வந்தது. அவளுக்கு முழங்கையிலும் கழுத்திலும் செதில் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் மனைவியிடம் சொல்லி அழுதாள்.

"அல்லாஹ்வே, எல்லாரும் கழுத்தத்தான் பாப்பாங்க. நானாட்டக் கேட்டுப் பாருங்களேன், கிளினிக்ல ஏதும் குளிசை இரிக்குமா எண்டு."

கிளினிக்கில் ஒரு பெட்டி இருந்தது. மருந்து மாற்றப்பட்டவர்களும், இறந்துபோனவர்களின் வீட்டாரும் மிச்சக் குளிசைகளைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அவற்றை அழிப்பதற்காக அதில் போட்டு வைப்போம். அரச ஆஸ்பத்திரியில் குளிசை கடதாசி உறையில்தான் தருவார்கள். மேலே மருந்தின் பெயரும் நோயாளியின் கிளினிக் நம்பரும் எழுதியிருக்கும். அதில் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை. வாயெல்லாம் புண்ணாகி, கொப்புளம் வந்து சாகக் கிடந்தவர்கள் அதைக் குடித்து எழும்பி நடந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாத் தோலுக்கும் அது நல்லது என்று நினைத்தேன். இரண்டு உறையை எடுத்துக்கொண்டு போனேன். "காலம நாலு குளிசை" என்றேன், டொக்டரைப் போல.

பத்து நாளில் அவளுடைய கழுத்து பிள்ளையின் கழுத்தைப் போல ஆகிவிட்டது. கல்யாண வீட்டில் பெண்கள் பக்கமிருந்து, நான் கொடுத்த ஏதோ பூச்சு மருந்து என்று கதை வெளியே வந்தது. எனக்கு "டொக்டர் நானா" என்று பெயர் வைத்தார்கள். நான் பஸ்ஸுக்குப் போகும் வழியில் கேட்பார்கள்.

"டொக்டர் நானா, என்ட முழங்காலுக்கு ஏதும் இல்லயா?"

"அவரு தோலுக்கு மட்டும்தான் டொக்டர். ஒங்கட முழங்காலுக்கு வெல்டிங் கடைதான் சரி" என்பார் பக்கத்தில் நிற்பவர்.

எனக்கு நின்று பதில் சொல்லத் தெரியாது. ஆனால் கேட்க நன்றாக இருந்தது. ஐம்பது வயது தாண்டும்வரை ஊரில் யாரும் என்னை நிறுத்தி எதுவும் கேட்டதில்லை. அதனால் ரிஹானா கேட்கக் கேட்கக் கொண்டுபோனேன். காசு வாங்கவில்லை. அது எனக்கு அப்போது பெரிய நேர்மையாகப் பட்டது.

கிளினிக்கில் டொக்டர் அவளிடம் கேட்டார். "தோல் நல்லா இருக்கு. வேற குளிசை ஏதும்?"

"இல்ல டொக்டர்."

நான் கதவடியில் நின்று அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

பிறகு அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். திறப்பு மருந்தாளரிடம் போனது. "இனி இல்ல" என்று ரிஹானாவிடம் சொன்னேன். சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும், ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று எனக்குத் தெரியாது. இரண்டு கிழமைக்குள் அவளை முச்சக்கர வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். காதிலிருந்து கால்வரை சிவப்பு. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் சீழ்.

அன்றைக்கே மருந்தை ஏற்ற ஆயத்தம் நடந்தது. நான் இலை வெட்டினேன். நாங்கள் நான்கு பேரும் அவளை விரிப்போடு தூக்கி இலையில் கிடத்தினோம். அதற்கிடையில் அவள் வாந்தி எடுக்கத் தொடங்கினாள். இரத்த அழுத்தம் விழுந்தது. சேலைன் ஏற்றியும் எழும்பவில்லை. இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதோ என்று டொக்டர்மாருக்குப் பயம். கிருமி இருக்கும் உடம்பில் அந்த மருந்தை ஏற்றக்கூடாது. ஏற்றினால் மருந்தே ஆளைக் கொன்றுவிடலாம். இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். மருந்து குளிரூட்டியில், நோயாளி கட்டிலில், நடுவில் பத்து அடி.

பெரிய டொக்டர் நிஸாரிடம் கேட்டார். "இவங்க ஏதும் குளிசை குடிச்சாங்களா? நாட்டு மருந்து? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நிஸார் மாதத்தில் பாதி கடலில் இருப்பவர். தெரியாது என்றார். மறுநாள் வீட்டுக்குப் போய் அலுமாரியைக் கிளறியிருக்கிறார். உடுப்புக்கு அடியில் ஒரு வெறும் உறை இருந்தது. அதைக் கொண்டுவந்து, ரிஹானாவிடம் காட்டிக் கேட்டுவிட்டு, வாட்டுக் கதவடியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்போது பகல் ஒரு மணி.

"நானா, இதத்தான் குடிச்சிருக்கா. ஒங்கட பேரச் சொல்ல வேணாமெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினா. அதான் ஒங்கட கையிலயே தாறன். நீங்களே டொக்டருக்குக் குடுத்தா ஒங்களுக்கும் நல்லம், அவக்கும் நல்லம்."

"ஓம், குடுக்கிறன்" என்றேன்.

உறையில் மருந்தின் பெயர் இருந்தது. வேறொரு நோயாளியின் நம்பரும் இருந்தது. அந்த நம்பரைப் பார்த்தால் பெட்டி தெரியும், பெட்டியைப் பார்த்தால் நான் தெரிவேன். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

அதோடு வேலைக்குத் திரும்பினேன். தண்ணீரில் கல்லைக் கரைத்தேன். நகத்தைப் பார்த்தேன். துணியை நனைத்து அவளுடைய காலில் போட்டேன். அவள் கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது.

"டொக்டருக்கு நான் சொல்லல்ல நானா. பயப்பிடாதீங்க" என்றாள்.

பெரிய டொக்டர் அன்று பிற்பகல் இரண்டு தடவை என்னைக் கடந்து போனார். ஒரு தடவை "இலை மாத்தினது நல்லா இருக்கு" என்றார். வேலை முடிந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். மனைவி சட்டையைக் கழுவக் கேட்டாள். ஊத்தை இல்லை என்று சொல்லி ஆணியில் மாட்டினேன். காலையில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் இன்றைக்குச் சொல்லுவேன் என்று நினைத்தேன். வாட்டுக்குள் போனதும் வாளியைத் தூக்கினேன்.

காலை ஒன்பது மணிக்குப் பெரிய டொக்டர் வந்தார். அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்றும், இந்த நிலையில் மருந்தை ஏற்ற முடியாது என்றும் நிஸாரிடம் சொன்னார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

நிஸார் கேட்டார். "அந்த உறையப் பாத்த பொறகும் ஏத்த ஏலாதா டொக்டர்?"

"என்ன உறை?"

நிஸார் என்னைப் பார்த்தார். டொக்டரும் பார்த்தார். நான் பைக்குள் கையைவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

ஸிஸ்டர், நீங்கள் அந்த நேரம் மற்றப் பக்கம் திரும்பி ஊசி ஆயத்தம் செய்துகொண்டிருந்தீர்கள். நீங்கள் திரும்பியபோது கண்டது நான் உறையை நீட்டுவதைத்தான். அதிலிருந்துதான் அந்தக் கதை உண்டானது.

டொக்டர் கத்தவில்லை. உறையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். "ஒரு நாளைக்கு எத்தனை? எத்தனை மாசம்? கடைசியா எப்ப?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "யார் குடுத்தது?" என்று சிங்களத்தில், மெல்லக் கேட்டார். நிஸாருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்று அவர் அறியமாட்டார்.

"மம" என்றேன். நான் என்று அர்த்தம்.

சரி என்பதற்கு "ஹரி" என்று சொல்லிவிட்டு ஓர் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். உடனே போட்டார்கள். அன்று பின்னேரத்துக்குள் இரத்த அழுத்தம் எழும்பியது. அந்தக் குளிசையை மாதக்கணக்கில் குடித்தால், உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடுமாம். திடீரென்று குளிசையும் இல்லாமல் போனால் உடம்பு அப்படியே விழுந்துவிடுமாம். கொப்புளம் கிளம்பியதுகூடக் குளிசையை நிறுத்தியதால்தான். இரத்தத்தில் கிருமி இருக்கவில்லை. அடுத்த நாள் மருந்தை ஏற்றினார்கள். மருந்து ஏறிய ஒன்றரை மணி நேரமும் டொக்டர் கதிரை போட்டுப் பக்கத்திலேயே இருந்தார். குளிரூட்டியிலிருந்து பெட்டியை எடுக்க என்னை அனுப்பவில்லை, வேறொருவரை அனுப்பினார்.

இரண்டு நாளில் புதிய கொப்புளம் வருவது நின்றது. ஒரு கிழமையில் ரிஹானா தன் கையால் சோறு சாப்பிட்டாள். ஆனால் அவளுடைய சிறுநீரகம் பழையபடி இல்லை. இன்றைக்கும் அதற்கென்று வேறு கிளினிக் போகிறாள். அது அந்தத் தாமதத்தாலா, முதலே விழுந்த அழுத்தத்தாலா என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். சொல்ல முடியாது என்றது எனக்காகச் சொன்னதில்லை. அவர் தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்லுவார்.

பிறகு ஒரு நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். நான் அந்த அறையில் ஒருநாளும் இருந்ததில்லை. "குளிசை குடுத்தது தெரியாம. அது எனக்கு விளங்குது. உறையை ஏன் வெச்சுக்கொண்டீங்க?" என்றார். அடுத்த கிழமை நடைபாதையில் வேறு மாதிரிக் கேட்டார். தனக்கு இடமாற்றம் கிடைத்துப் போகும் நாளில் மூன்றாவது தரம் கேட்டார். ஒன்றுக்கும் நான் பதில் சொல்லவில்லை. என்னைப் பற்றி மேலே எழுதினாரா என்று தெரியாது. என்னைத் துணி அறைக்கு மட்டும் மாற்றினார். வயதுக்காக லேசான வேலை தந்தார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் ஓம் என்றேன்.

பயம், டொக்டர். அதுதான் பதில். ஓய்வூதியம் போய்விடும் என்ற பயம் பாதி. ஊரில் "டொக்டர் நானா" என்று இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் மற்றப் பாதி.

இதை எழுதி முடித்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிஸார் வீட்டுக்குப் போனேன். நிஸார் முற்றத்தில் தோணி இஞ்சினைக் கழற்றி வைத்திருந்தார். பள்ளியில் கண்டால் ஸலாம் சொல்லுவார், நிற்கமாட்டார். அன்றைக்கும் அப்படித்தான் தலையை மட்டும் ஆட்டினார். ரிஹானா வாசலுக்கு வந்தாள். தாள்களைப் பிடித்துக்கொண்டு, நின்றபடி, எழுத்துக்கூட்டி வாசித்தேன். உறை என் பைக்குள் இருந்த இடம் வந்ததும் அவளுடைய முகம் மாறியது. நிஸார் அதை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் வாங்கியதும் கொடுத்துவிட்டேன் என்றே இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறாள்.

"விடுங்க நானா, முடிஞ்ச கத" என்றார் நிஸார்.

"எனக்கு முடியல்ல" என்றாள் ரிஹானா. பிறகு என்னிடம், "கொஞ்ச நேரம் வெச்சிருந்தேன் எண்டு எழுதி இரிக்கிறீங்க. எவ்வளவு நேரம்?" என்றாள்.

நான் கணக்குப் பார்ப்பது போல நின்றேன். பார்க்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்.

"நீங்க தந்த குளிசய நான்தான் கேட்டு வாங்கினேன். அது என்ட பிழையும்தான். இது என்ட பிழை இல்ல. எத்தன மணிக்குத் தந்தாரு, எத்தன மணிக்குக் குடுத்தீங்க, ரெண்டையும் எழுதுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். நிஸார் இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து "கொஞ்ச நேரம்" என்ற இடத்தை வெட்டினேன். அவள் சொன்னபடி இரண்டு நேரத்தையும், நடுவில் வீட்டுக்குப் போய் வந்ததையும் எழுதினேன். கூட்டினால் இருபது மணித்தியாலம். பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது என் பெயரைச் சொல்லியே வாசியுங்கள், ஸிஸ்டர்.

கண்டக்குழி,
2025 ஓகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை.